பழைய சிறிய காரில் எந்த இன்ஜினை எடுப்பது? கம்பம், போடி, குமுளி வட்டாரத்தாரின் கேள்விகளும் பதில்களும்

கம்பம் பள்ளத்தாக்கில் வீடும் இடுக்கி மலையில் பிழைப்புமாக இருப்பவர்கள் பழைய கார் வாங்கும்போது, மதுரையில் இருந்தும் சென்னையில் இருந்தும் வரும் யோசனைகள் பாதிதான் பொருந்துகின்றன. அங்கே வண்டி சமவெளியில் ஓடுகிறது. நம் வண்டியோ காலையில் லோயர் கேம்ப் தாண்டி, மின் நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களை ஒட்டிக் குமுளி ஏறி, வண்டிப்பெரியாறு, கட்டப்பனை என்று சுற்றிவிட்டு, மாலையில் மீண்டும் இறங்குகிறது. போடிக்காரர்களுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட போடிமெட்டுச் சாலை. அக்கம்பக்கத்தாருக்காகப் பழைய வண்டிகளைப் பார்க்கப் போய்ப் போய் எனக்குப் பழகிப்போன கேள்விகளை இங்கே பதிலோடு எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஒரே காரில் 800 சி.சி. இன்ஜினும் 1,000 சி.சி. இன்ஜினும் கிடைக்கின்றன. எதை எடுப்பது?

மாதத்தில் இரண்டு முறையாவது ஆள் நிறைத்து மலை ஏறுகிறவர் என்றால் 1,000 சி.சி. வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிலில் எனக்குத் தயக்கம் இல்லை.

நம் சந்தையில் அதிகம் கைமாறும் வண்டிகளையே பாருங்கள். மாருதி ஆல்டோ 800-இல் இருப்பது 796 சி.சி. இன்ஜின், அதன் உச்ச சக்தி ஏறத்தாழ 48 குதிரைத்திறன். ஆல்டோ கே10-இல் 998 சி.சி.; சக்தி 68-ஐ ஒட்டி வருகிறது. ரெனால்ட் க்விட்டில் 799 சி.சி.க்கு 54, 999 சி.சி.க்கு 68. ஹூண்டாய் இயானிலும் 814 சி.சி., 998 சி.சி. என்று இரண்டு உண்டு. இன்ஜின் கொள்ளளவில் கூடியது கால் பங்குதான் என்றாலும், சக்தியில் கூடியது சிலவற்றில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறது. வண்டியின் எடையோ சில பத்துக் கிலோதான் கூடுகிறது. புதிதாக வாங்கிய நாளில் இருந்த விலை வித்தியாசமும் ஏழெட்டு ஆண்டுகளில் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு விலையைத் தீர்மானிப்பது வண்டியின் நிலைமைதான்.

கம்பம், சின்னமனூர், தேனி என்று சமவெளியிலேயே ஓட்டுபவருக்கும், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருபவருக்கும், இப்போதுதான் ஓட்டப் பழகுபவருக்கும் 800 சி.சி. தாராளமாகப் போதும். நன்றாகப் பராமரித்த 800 கையில் இருக்கும்போது, அடிபட்ட 1,000-ஐத் தேடிப் போக வேண்டாம்.

கேள்வி: ஒரே இன்ஜினுக்கு ஓர் இடத்தில் 67 என்றும் இன்னோர் இடத்தில் 68 என்றும் போட்டிருக்கிறார்களே, எது சரி?

இரண்டும் சரிதான், அளவுகோல்தான் வேறு. பி.எச்.பி. என்பது ஆங்கிலேயர் கணக்கு, ஒன்றுக்கு 745.7 வாட். பி.எஸ். என்பது மெட்ரிக் கணக்கு, ஒன்றுக்கு 735.5 வாட். ஆகவே 100 பி.எச்.பி. என்பது 101.4 பி.எஸ். ஆகிறது. இந்த ஒன்றரை விழுக்காட்டுக்காக புரோக்கரிடம் வாதாட வேண்டியதில்லை. கீழே நான் குதிரைத்திறன் என்று சொல்வதெல்லாம் பி.எஸ். கணக்கு.

கேள்வி: மலைக்குக் குதிரைத்திறன் முக்கியமா, டார்க் முக்கியமா?

விளம்பரத்தில் போடும் குதிரைத்திறன் இன்ஜின் நிமிடத்துக்கு 5,500, 6,000 சுற்று சுற்றும்போது கிடைப்பது. குமுளிச் சாலையில் முன்னால் ஏலத்தோட்ட ஜீப்பும் பின்னால் பஸ்ஸுமாக இரண்டாம் கியரில் ஊர்ந்துகொண்டிருப்பவர் அந்தச் சுற்றை எட்டுவதே இல்லை. அவருடைய இன்ஜின் 2,000 சுற்றில்தான் ஓடுகிறது. அந்த 2,000-இல் என்ன கிடைக்கிறது என்பதைச் சொல்வது டார்க், அதாவது முறுக்குவிசை; இங்கே இழுவிசை என்கிறேன். பட்டறையில் இதைத்தான் ‘இழுவை’ என்கிறார்கள். இழுவையையும் சுற்றையும் பெருக்கினால் வருவதுதான் சக்தி என்பதால் இரண்டும் ஒன்றுக்கொன்று அந்நியமல்ல. எந்தச் சுற்றில் என்று கேட்பதுதான் முக்கியம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆள் ஐவர், பின்னால் இரண்டு பை என்று வைத்துக்கொண்டால் ஒரு 800 சி.சி. வண்டியின் மொத்த எடை 1,100 கிலோவுக்கு வந்துவிடும். 100 மீட்டருக்கு 7 மீட்டர் உயரும் சாலையில் அதை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்ற, கியர்பெட்டியில் வீணாவதையும் சேர்த்து ஏறத்தாழ 10 குதிரைத்திறன் வேண்டும். பத்துதானா என்று தோன்றும். ஆனால் உச்சத்தில் 69 நியூட்டன் மீட்டர் இழுவிசை தரும் 796 சி.சி. இன்ஜினில் 2,000 சுற்றில் 16 குதிரைத்திறனுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. உயரம் அதில் ஒன்றைத் தின்றுவிடும், ஏ.சி. இரண்டோ மூன்றோ எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது இரண்டு. 90 நியூட்டன் மீட்டர் தரும் 998 சி.சி. இன்ஜினில் அதே 2,000 சுற்றில் 22 வரை கிடைக்கும். எல்லாம் போக ஏழு மிஞ்சும்.

அந்த இரண்டுக்கும் ஏழுக்கும் இடையில் இருக்கும் வித்தியாசத்தைத்தான் கொண்டை ஊசி வளைவின் உள்பக்கத்தில் நம் கால் உணர்கிறது. அங்கே ஏற்றம் 100-க்கு 10 மீட்டரைத் தாண்டும். தேவை 13 குதிரைத்திறனுக்கு எகிறும். இரண்டு மிஞ்சியிருந்த வண்டி கடனாகி நின்றுவிடும், முதல் கியருக்கு இறங்கியே ஆக வேண்டும். ஏழு மிஞ்சியிருந்தது இரண்டாம் கியரிலேயே திரும்பி வெளியே வரும்.

இதை நான் கணக்கில் கற்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய 800 சி.சி. வண்டியை வாங்கி, அம்மா உட்பட ஐந்து பேரோடு ஏறியபோது, குமுளிக்குக் கொஞ்சம் கீழே ஒரு வளைவில் எதிரே வந்த லாரிக்காக நிறுத்தினேன். பிறகு வண்டி கிளம்பவில்லை. அரை கிளட்சில் மூன்று முறை முயன்றதில் வண்டிக்குள் கருகிய நாற்றம் பரவியது. மறுநாள் பட்டறையில் மெக்கானிக் சிரிக்காமல் சொன்னார்: “வண்டி ஏறும்ணே. ஆள் எறங்குனாப் போதும்.” கிளட்ச் தட்டை மாற்றிய பில் இன்னும் அலமாரியில் இருக்கிறது.

கேள்வி: கம்பத்தில் நன்றாக ஓடும் வண்டி மேலே போகப் போகச் சோர்வது ஏன்?

காற்று மெலிவதால். டர்போ, அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி, இல்லாத பெட்ரோல் இன்ஜின், சுற்றியுள்ள காற்றழுத்தம் எவ்வளவோ அவ்வளவு காற்றைத்தான் உள்ளே இழுக்க முடியும். உயரம் 100 மீட்டர் கூடும்போது சக்தியில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். போடியில் இருந்து போடிமெட்டுக்கு உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டர் கூடுகிறது. ஆகவே கீழே 68 குதிரைத்திறன் காட்டும் இன்ஜின் மேலே 60-ஐ ஒட்டித்தான் தரும். 48-காரருக்கு அது 43. டர்போ இருக்கும் வண்டியில், அது டீசலோ பெட்ரோலோ, டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி இந்தக் குறையின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். பூப்பாறை, மூணாறு வழியில் டீசல் வண்டிக்காரர்கள் நிம்மதியாகப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: டீசலில் 75 குதிரைத்திறன், 90 குதிரைத்திறன் என்று இரண்டு உண்டாமே?

உண்டு. ஃபியட் வடிவமைத்த 1,248 சி.சி. மல்டிஜெட் இன்ஜின்தான் இதில் பெயர்பெற்றது. ஸ்விஃப்ட், ரிட்ஸ், டாடா விஸ்டா, ஃபியட் புன்டோ என்று பல நிறுவனங்களின் வண்டிகளில் அது வெவ்வேறு பெயர்களில் இருந்தது. 75 குதிரைத்திறன் வகையில் சாதாரண டர்போ. இழுவிசை 190 நியூட்டன் மீட்டர். 90 வகையில் இருப்பது, உள்ளே இருக்கும் இதழ்கள் சுற்றுக்கேற்பத் திரும்பிக்கொள்ளும் டர்போ. இழுவிசை 200 அல்லது சற்று மேல். புன்டோவிலும் விஸ்டாவிலும் இரண்டு வகையும் வந்தன. ஸ்விஃப்ட்டில் 75 மட்டும்தான்.

இழுவிசையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதைக் கவனியுங்கள். கூடுதல் 15 குதிரைத்திறன் மேல்சுற்றில்தான் வருகிறது. அது திண்டுக்கல் நான்குவழிச் சாலைக்குப் பயன்படும். மலையில் இரண்டுமே 1,800, 2,000 சுற்றுக்குக் கீழே டர்போ விழிக்காமல் கொஞ்சம் தூங்கும். வளைவில் வேகம் குறைந்து சுற்று 1,500-க்கு விழுந்துவிட்டால், 190 என்ற எண்ணை நம்பி மிதித்தவருக்கு இரண்டு நொடி ஒன்றும் நடக்காது. பிறகு ஒரேயடியாகப் பாயும். இதற்கு மருந்து வளைவுக்கு முன்பே கியரை இறக்கிக்கொள்வது. பழகிவிட்டால் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

பழைய வண்டி என்று வரும்போது நான் 75-இன் பக்கம் சாய்கிறேன். இதழ்கள் திரும்பும் டர்போவில், வண்டி மெதுவாகவே ஊர்ந்து வந்திருந்தால் கரி படிந்து இதழ்கள் சிக்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு. பழுது பார்ப்பதும் செலவு கூடியது. 90 எடுக்க வேண்டுமென்றால் விற்பவர் எங்கே ஓட்டினார் என்று கேளுங்கள். நெடுஞ்சாலையில் ஓடிய வண்டியாக இருந்தால் நல்லது.

பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி 2020 ஏப்ரல் 1 முதல் வந்தபோது மாருதி டீசல் கார்களைக் கைவிட்டது, டாடா டியாகோவின் 1.05 லிட்டர் டீசலும் அத்தோடு நின்றது. ஆகவே இன்று சந்தையில் இருக்கும் சிறிய டீசல் கார்களில் பெரும்பாலானவை ஆறேழு ஆண்டு கடந்தவை. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டருக்குக் குறைவாக ஓட்டுபவர், இன்ஜெக்டர், டர்போ, எரிபொருள் பம்ப் என்று மூன்று விலைகூடிய உறுப்புகளைச் சேர்த்து வாங்குகிறோம் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: 1.0 லிட்டருக்கு மேலே 1.2 லிட்டர் தேவையா? வேகன் ஆரில் இரண்டும் கிடைக்கிறதே?

2019-இல் வந்த வேகன் ஆரில் 998 சி.சி.க்கு 68 குதிரைத்திறனும் 90 நியூட்டன் மீட்டரும், 1,197 சி.சி.க்கு 83 குதிரைத்திறனும் 113 நியூட்டன் மீட்டரும். நான்கு பேருக்கு மேல் அடிக்கடி போகிறவர், மேலே சாமான் ஏற்றுகிறவர், ஏ.சி.யை நிறுத்த மனம் வராதவர் 1.2-ஐ எடுக்கலாம். முதலாவது மூன்று சிலிண்டர், இரண்டாவது நான்கு சிலிண்டர் என்பதால் குறைந்த சுற்றில் அதிர்வும் குறைவு. இருவர் மூவராக ஏறி இறங்குபவருக்கு 1.0 போதும், மிச்சமாகும் பணத்தை நான்கு புது டயரில் போடுங்கள்.

செலவில் ஒரு கோடு 1,000 சி.சி.யில் இருக்கிறது. மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 2022 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த பட்டியலில், 1,000 சி.சி. வரை ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1,000-க்கு மேல் 1,500 வரை 3,416 ரூபாய், வரி தனி. 998 சி.சி. இன்ஜின் இந்தக் கோட்டுக்குள் அடங்கிவிடுகிறது. அதேபோல 1,197, 1,199 என்ற எண்களுக்குக் காரணம், நான்கு மீட்டருக்கு உட்பட்ட காரில் பெட்ரோல் இன்ஜின் 1,200 சி.சி.யைத் தாண்டாவிட்டால் சிறிய கார் வரியில் கிடைக்கும் சலுகை. டீசலுக்கு அந்த வரம்பு 1,500 சி.சி.

கேள்வி: 100 குதிரைத்திறனுக்கு மேல் தரும் டர்போ பெட்ரோல் சிறிய கார்கள்?

ஓட்டுவதற்கு இன்பம் என்பதை மறுக்க மாட்டேன். ஃபோக்ஸ்வாகன் போலோவின் 1.2 லிட்டர் டர்போ 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர். 2020-இல் வந்த 1.0 லிட்டர் டர்போ 110 குதிரைத்திறன். போடிமெட்டு ஏற்றம் இவற்றுக்கு ஏற்றமாகவே தெரியாது. ஆனால் இவை குறித்த தரத்து எண்ணெயைக் குறித்த காலத்தில் கேட்பவை. முதல் உரிமையாளர் சர்வீஸில் சிக்கனம் பிடித்திருந்தால் அதன் விலையை இரண்டாமவர் கொடுப்பார். சர்வீஸ் பதிவு முழுதாக இல்லாத டர்போ பெட்ரோலை நான் யாருக்கும் சொல்வதில்லை. கட்டப்பனையில் வண்டி நின்றால் உதிரிபாகம் எங்கிருந்து வரும் என்பதையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: சி.என்.ஜி. வண்டி மலைக்கு ஒத்துவருமா?

நான் எடுக்க மாட்டேன். எரிவாயு உள்ளே வரும்போது காற்றுக்கான இடத்தை அது பிடித்துக்கொள்வதால் சக்தி குறைகிறது. பெட்ரோலில் 48 தந்த ஆல்டோ 800, எரிவாயுவில் 41 குதிரைத்திறனும் 60 நியூட்டன் மீட்டரும்தான் தருகிறது. வேகன் ஆர் 1.0 லிட்டரிலும் 57, 82 என்று இறங்குகிறது. சிலிண்டரின் எடை வேறு பின்னால் ஏறிக்கொள்கிறது, டிக்கி போய்விடுகிறது. ஏற்றத்தில் பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். மாற்றலாம், ஆனால் அந்த எடையை இறக்கி வைக்க முடியாது.

கேள்வி: பெரிய இன்ஜின் எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்காதா?

சமவெளியில் கொஞ்சம் கூடும். மலையில் கணக்கு மாறும். சின்ன இன்ஜினை முதல் கியரில் முழு மிதியில் அலற விட்டு ஏற்றுவதும், பெரிய இன்ஜினை இரண்டாம் கியரில் முக்கால் மிதியில் ஏற்றுவதும் ஒப்பிட்டால், வித்தியாசம் நீங்கள் பயப்படும் அளவுக்கு இருக்காது. எடையைத் தூக்கும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதானே. கம்பத்தில் டேங்க் நிரப்பி, நான்கு முறை ஏறி இறங்கி, மீண்டும் அதே பங்கில் நிரப்பிக் கணக்குப் பார்த்தவர் சொல்லும் மைலேஜை மட்டும் நம்புங்கள்.

கேள்வி: கிளட்ச் இல்லாத தானியங்கி வண்டி எடுக்கலாமா?

சிறிய கார்களில் பெரும்பாலும் இருப்பது ஏ.எம்.டி.; 2014-இல் மாருதி செலேரியோவோடு பரவலானது. அது கிளட்ச் இல்லாத வண்டி அல்ல, கிளட்சை நமக்குப் பதிலாக ஒரு கருவி மிதிக்கும் வண்டி. ஆகவே ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பிடித்து நிறுத்தும் பழக்கம் உள்ளவர் கையில் அந்தக் கிளட்சும் தேயும். வளைவுக்கு நடுவில் அது தானாக மேல் கியருக்குத் தாவுவதும் உண்டு. கைமுறைக்கு மாற்றி இரண்டாம் கியரில் பூட்டிக்கொண்டால் தொல்லை இல்லை. குறைந்த சக்தி இன்ஜினோடு இது சேர்ந்தால் மலையில் பொறுமையைச் சோதிக்கும். 1.2 லிட்டரோடும், ஏற்றத்தில் பின்னால் உருளாமல் பிடிக்கும் வசதியோடும் இருந்தால் எடுக்கலாம்.

கேள்வி: பத்து ஆண்டு ஓடிய இன்ஜினில் நிறுவனம் சொன்ன சக்தி இன்னும் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்வியை மேலே உள்ள எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்திருக்க வேண்டும். தேய்ந்துபோன 68 குதிரைத்திறன், நலமான 54-க்குப் பின்னால்தான் வரும்.

விற்பவரிடம் வண்டியைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு, காலையில் போங்கள். போனதும் பானெட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள்: மோரின் ஆடை போல வெளுத்த பசை ஒட்டியிருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்; சின்னச் சின்ன தூரம் மட்டும் ஓடும் வண்டியிலும் மழைக்காலத்தில் அது கொஞ்சம் வரும் என்பதால், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) குறைகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தே முடிவெடுங்கள். பிறகு ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி ஸ்டார்ட் செய்யுங்கள். நீலப் புகை என்றால் இன்ஜின் எண்ணெய் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை என்றால் கூலன்ட் உள்ளே போகிறது, பெரும்பாலும் ஹெட் கேஸ்கட் (இன்ஜின் தலைப்பகுதியில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கும். டீசலில் கரும்புகை என்றால் இன்ஜெக்டரோ டர்போவோ காற்று வடிகட்டியோ.

அடுத்தது கிளட்ச். சமதளத்தில் கை பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, மூன்றாம் கியரைப் போட்டு, லேசாக மிதித்தபடி கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் உடனே அணைந்தால் கிளட்ச் நலம். அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. ஒரு முறைக்கு மேல் செய்ய வேண்டாம். அடுத்தவர் வண்டி அது. மேலே தோட்டத்தில் ஓடிய கேரளப் பதிவு வண்டிகளில் இதைக் கட்டாயம் பாருங்கள், கிலோமீட்டர் குறைவாக ஓடியிருந்தாலும் அவற்றின் கிளட்ச் இருமடங்கு உழைத்திருக்கும்.

பட்டறையில் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்பதை, பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் பத்து விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும்; ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த இன்ஜின் ஒரு காலை நொண்டுகிறது. அதற்கு அப்புறம்தான் மலை. நீங்களும் விற்பவரும் போதாது, இன்னும் இருவரை ஏற்றிக்கொண்டு, ஏ.சி.யைப் போட்டு, லோயர் கேம்பில் இருந்து குமுளி வரை ஏறுங்கள். முன்னால் வண்டி இல்லாத நேரான ஏற்றத்தில் இரண்டாம் கியரில் 20 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து முழுதாக மிதித்துப் பாருங்கள். சீராக ஏற வேண்டும். திணறினாலோ, இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டாலோ, வெப்பமுள் நடுவைத் தாண்டினாலோ காரணம் கேளுங்கள். மேலே போய் நிறுத்தியதும் ரேடியேட்டர் விசிறி ஓடி ஓய்கிறதா என்று காது கொடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறந்துவிடாதீர்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. இழுவை போய்விட்டது என்று சல்லிசாக வரும் வண்டிகளில் சில, அடைத்துப்போன காற்று வடிகட்டியோ பழைய ஸ்பார்க் பிளக்கோ காரணமாகச் சோர்ந்தவை. ஸ்கேனர் மாட்டிப் பார்க்கும் மெக்கானிக் கூட வந்தால் அதைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

கேள்வி: கேரளப் பதிவு வண்டியில் எந்த இன்ஜின் என்பதை எப்படி உறுதிசெய்வது?

டிக்கியில் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்ப வேண்டாம். அது கடையில் கிடைக்கும். ஆர்.சி.யில் சி.சி., எரிபொருள், இன்ஜின் எண், சேஸ் எண் நான்கும் இருக்கும். இன்ஜின் எண்ணை பானெட்டுக்குள் துணியால் துடைத்துப் பார்த்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். கே.எல். 37, கே.எல். 06 பதிவு வண்டியை இங்கே கொண்டுவந்து 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி இங்குள்ள பதிவெண் வாங்க வேண்டும். அதற்குப் பழைய அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, அதாவது 28-ஆம் படிவம், வேண்டும். தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். ‘அங்கே இருபதாயிரம் குறைவு’ என்று சொல்லி வரும் வண்டியில் இந்தச் செலவைக் கூட்டிய பிறகு விலையைப் பேசுங்கள்.

கேள்வி: இன்ஜின் மாற்றிய வண்டி, அல்லது மென்பொருளை மாற்றிச் சக்தி ஏற்றிய வண்டி?

இன்ஜின் மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்காவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மென்பொருள் ஏற்றிய டீசல், ஓட்டிப் பார்க்கும் பத்து நிமிடம் மயக்கும். கிளட்சும் டர்போவும் அந்தக் கூடுதல் சுமைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனத்திடம் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

கேள்வி: ஏறுவதற்குத்தானே சக்தி? இறங்கும்போது எந்த இன்ஜின் என்றாலும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. இறக்கத்தில் இன்ஜின்தான் முதல் பிரேக். ஏறிய கியரிலேயே இறங்கினால் வண்டி தன் எடையால் இன்ஜினைச் சுற்ற வைக்கும். அந்தத் தடையில் வேகம் அடங்கும். கொள்ளளவு கூடிய இன்ஜின் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், 800 சி.சி.யில் இரண்டாம் கியர் பிடிக்காத இடத்தில் முதல் கியருக்குப் போக வேண்டிவரும். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டி இறங்குபவர்கள் இந்தப் பிடிப்பை முழுதாக இழக்கிறார்கள், மிச்சமும் இல்லை. இப்போதைய இன்ஜின்களில் கியரில் இருந்தபடி காலை எடுத்தாலே எரிபொருள் நின்றுவிடுகிறது.

வாங்கப் போகும் வண்டி இதுவரை எப்படி இறங்கியது என்பதை அதன் முன்சக்கரத்தில் படிக்கலாம். சக்கரத்தின் இடைவெளி வழியாகச் செல்போன் விளக்கை அடித்து பிரேக் டிஸ்க்கைப் பாருங்கள். பளபளப்பான வெள்ளிநிறம் இயல்பு. ஆங்காங்கே நீலம் பாய்ந்திருந்தால், முன்னவர் கால் பிரேக்கிலேயே நின்று மலை இறங்கியிருக்கிறார்; இரண்டு டிஸ்க்கும் பேடும் மாற்றும் காசை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.